அமெரிக்கப் பள்ளியில் இனப் பாகுபாடு: டைட்டில் சிக்ஸ் எதுவரை உதவும்?

அமெரிக்கப் பள்ளிகளில் இன சமத்துவம் என்றதும் எல்லோரும் 1954 பிரவுன் தீர்ப்பைத்தான் சொல்வார்கள். ஆனால் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு ஒரு பள்ளி என்று அரசு பிரித்து வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்து பத்து வருடம் ஆகியும் தெற்கு மாநிலங்களில் பெரிதாக எதுவும் அசையவில்லை. அசைய வைத்ததில் பெரிய பங்கு 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதியான டைட்டில் சிக்ஸுக்கு உண்டு. மத்திய அரசிடம் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் கல்லூரியும் இனம், நிறம், பூர்விக நாடு பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது, ஒதுக்கினால் பணத்தை நிறுத்தலாம், அவ்வளவுதான் சட்டம். 1965இல் பள்ளிகளுக்கு மத்திய நிதி பெரிய அளவில் வரத் தொடங்கிய பிறகுதான் பிடி இறுகியது.

குடியுரிமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் கிடையாது. மொழியும் இதற்குள் வரும். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளுக்கு அதே வகுப்பு, அதே டீச்சர், அதே புத்தகம், ஆனால் டீச்சர் பேசுவது ஒன்றும் புரியாது. இதைச் சமத்துவம் என்று ஏற்க முடியாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, புகார் எப்படி? கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்துக்கு, சம்பவம் நடந்து 180 நாளுக்குள் எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, பெற்றோர்தான் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. புகார் கொடுத்ததற்காகப் பிள்ளையைப் பழிவாங்கினால் அதுவும் தனிக் குற்றச்சாட்டு. "மோசமாக நடத்துகிறார்கள்" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. ஒரே சண்டையில் மாட்டிய, வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு பையன்களில் ஒருவனுக்கு எச்சரிக்கை, இன்னொருவனுக்கு ஐந்து நாள் சஸ்பென்ஷன் என்றால் தேதி, பெயர், பள்ளி அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். 2013-14இல் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களிலோ 39 சதவீதம்.

டைட்டில் சிக்ஸ் எட்டாத இடங்களும் உண்டு, என் பார்வையில் அவைதான் பெரியவை. வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்கு நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். விதி பொதுவானது, விளைவு மட்டும் ஓர் இனத்தைத் தாக்குகிறது என்றால் தனிநபர் வழக்குப் போட முடியாது என்று 2001இல் தீர்ப்பானது. அதற்கு அந்த அலுவலகத்தைத்தான் நம்ப வேண்டும், அதன் 12 மண்டலக் கிளைகளில் 7ஐ மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள்.

அப்புறம் பணம். பள்ளிச் செலவில் பெரும் பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருவதால் வீட்டு விலை குறைந்த பகுதியில் பள்ளியும் இளைத்துத்தான் இருக்கும், அந்தப் பகுதிகளில் யார் அதிகம் வசிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை மத்திய அரசியல் சாசனம் தடுக்காது என்று 1973லேயே முடிவாகிவிட்டது. அதனால் அந்தச் சண்டை மாநில நீதிமன்றங்களில் நடக்கிறது. நியூ ஜெர்சியில் ஏழை மாவட்டப் பள்ளிகளுக்கும் பணக்கார மாவட்டங்களுக்கு ஈடாக நிதி தர வேண்டும் என்று 1990இல் தீர்ப்பு வாங்கியிருக்கிறார்கள்.