சிஇ முத்திரை இருந்தும் இந்தியப் பரிசோதனை எதற்கு?

டெல்லி கரோல் பாக் பக்கம் சார்ஜர் வாங்கப் போகும் நம்மவர்கள் பலர், பெட்டியில் ‘சிஇ’ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் விற்கிற பொருள் இங்கே மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம்தான். ஆனால் இந்தியச் சட்டப்படி அந்த முத்திரையை மட்டும் வைத்து இங்கே விற்க முடியாது. சார்ஜர், பவர் பேங்க், டிவி போன்றவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில், அதாவது பிஐஎஸ்ஸில், பதிவாகியிருக்க வேண்டும்.

சிஇ பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பொருட்களுக்கு அது தயாரிப்பாளர் தானே கொடுக்கும் உறுதிமொழி. வெளியார் சோதித்துப் பார்த்துத் தரும் சான்று அல்ல. உறுதிமொழி பொய்யானால் அங்கே கேள்வி கேட்க அதிகாரிகள் இருக்கிறார்கள், பதில் சொல்ல இறக்குமதியாளர் இருக்கிறார். அதே பெட்டி டெல்லிக்கு வந்துவிட்டால் அந்தப் பிடி விட்டுப்போகிறது.

சரி, மின்சாதனங்களுக்கு உலகம் முழுக்கப் பொதுவான தரநிலைகள் உண்டே? உண்டு. ஜெனீவாவில் உள்ள ஐஇசி அமைப்பு எழுதுபவை அவை. நம் தரநிலைகளில் பலவும் அவற்றை ஒட்டியவைதான். ஆனால் அந்தப் பொதுத் தரநிலையே எல்லா ஊருக்கும் ஒரே விடை சொல்வதில்லை. ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தட்பவெப்ப வகை என்று ஒன்று உண்டு. ‘என்’ வகை என்றால் அறையின் வெப்பம் 16 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ‘டி’ வகை 43 டிகிரி வரை தாங்கும். இரண்டும் தரநிலைப்படி தேறியவைதான். ஜூன் மாதத்தில் மயூர் விஹார் மேல்மாடி சமையலறைக்கு முதலாவது சரிப்படாது. மின்சாரமும் அப்படித்தான்: அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100, நமக்கு 230. நம் பிளக்கில் உருண்டைப் பின், சிங்கப்பூரில் தட்டைப் பின். 1995 முதல் நடைமுறையில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமும் சர்வதேசத் தரநிலையை அடிப்படையாக வைக்கச் சொல்லிவிட்டு, தட்பவெப்பமும் புவியியல் நிலையும் பொருந்தாத இடத்தில் விலகலாம் என்கிறது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பரிசோதனைக்கு அனுப்பும் மாதிரி நன்றாக இருக்கும். கடைக்கு வருகிற சரக்கு அப்படி இருக்கும் என்று யார் சொன்னது? சார்ஜருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷனைக் கொஞ்சம் மெல்லியதாக்கினால் காசு மிச்சம். வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. படுக்கை ஓரத்தில் ராத்திரி முழுக்கச் செருகியிருக்கும் பொருள் அது. பிஐஎஸ் பதிவு வேண்டுமானால் பிஐஎஸ் அங்கீகரித்த ஆய்வகத்தில் தேற வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் இந்தியாவில் பொறுப்பேற்கும் பிரதிநிதி ஒருவரையும் காட்ட வேண்டும். அப்புறம் சந்தையிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். 2016-ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டப்படி, தரமில்லாத சரக்கைத் திரும்பப் பெறச் சொல்லவும், வாங்கியவருக்கு இழப்பீடு தரச் சொல்லவும் முடியும். தீ பிடித்தால் யாரைக் கேட்பது என்பதற்கு நம் நாட்டுக்குள்ளேயே ஒரு முகவரி கிடைக்கிறது. உள்ளூர்ப் பரிசோதனையின் பெரிய பயன் இதுதான் என்பேன்.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதலும், இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு அதே ஆண்டு ஜூன் 1 முதலும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்த முறையில் ஆய்வகத்தோடு நிற்பதில்லை, தொழிற்சாலையையும் பார்க்கிறார்கள்.

இதற்குச் செலவு இல்லாமல் இல்லை. சிறு வியாபாரிக்குப் பரிசோதனைக் கட்டணமும் காத்திருப்பும் பாரம்தான். சில நாடுகள் இறக்குமதியைத் தடுக்கவே இப்படிச் செய்கின்றன என்ற புகாரும் வெறும் பேச்சல்ல. இந்தியாவிலேயே 2025 நவம்பரில் சில செயற்கை இழைகள், பிளாஸ்டிக் மூலப்பொருட்களுக்கான கட்டாயத் தர ஆணைகளை அரசு திரும்பப் பெற்றது. ஆலைக்குப் போகும் மூலப்பொருளில் தளர்த்துவது வேறு, குழந்தை வாயில் வைக்கும் பொம்மையில் தளர்த்துவது வேறு.

கடையில் என்ன பார்ப்பது? சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் பிஐஎஸ் சின்னம் இருக்கும். அதற்கு மேலே ‘ஐஎஸ்’ என்று தொடங்கும் தரநிலை எண், கீழே ‘ஆர்’ என்று தொடங்கி 8 இலக்கம். பொம்மை, குக்கர், ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். போனில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியைத் திறந்து அந்த எண்ணைப் போடுங்கள். எந்த நிறுவனம், எந்தப் பொருள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். பெயரோ பொருளோ ஒத்துவரவில்லை என்றால் வாங்காதீர்கள். முத்திரையை அச்சடிப்பது சுலபம்.

வாங்கிய பிறகு தெரிந்தால் அதே செயலியில் புகார் கொடுக்கலாம். பில்லும், முத்திரையைக் கிட்டத்தில் எடுத்த படமும் வேண்டும். பில் கேட்டால் விலை கூடும் என்பார்கள், கூடினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியில் புகார் சொல்லத் தயங்குபவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம். அங்கே தமிழிலும் பேசலாம்.