பவளத்தின் முகவாட்டமும் தண்ணீரின் கணக்கும்

வீட்டுக் கடல்தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விரிந்து நின்ற பவளம் ஒருநாள் சுருங்கிக் கிடந்தால், காரணம் தேடும் முன்பே கை ஏதாவது ஒரு புட்டியை எடுத்துவிடும். கால்சியம் கொஞ்சம், பி.எச். ஏற்றும் பொடி கொஞ்சம், அமினோ அமிலம் கொஞ்சம். மறுநாள் பவளம் இன்னும் சுருங்கும். முதலில் இருந்த கோளாறோடு புட்டி கொண்டுவந்த கோளாறும் கலந்துவிட்டதால், எது எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

பவளம் இடம் மாற முடியாத விலங்கு. பிடிக்காத நிலைமை வந்தால் அதனால் செய்ய முடிந்தவை சிலவே: சுருங்கும், நிறம் மாறும், சளி விடும், கடைசியில் சதையை இழக்கும். பத்து வெவ்வேறு காரணங்களுக்கும் இதே நான்கு அடையாளங்கள்தாம். அதனால் பவளத்தை மட்டும் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. தண்ணீரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்லாகத் தெரிவதெல்லாம் பவளம் தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூடு. அதன்மேல் மெல்லிய சதை போர்த்தியிருக்கிறது. அந்தச் சதையின் செல்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்கே போகிறது. சில இனங்களில் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இப்படியே கிடைத்துவிடுகிறது. எனவே ‘பவளம் சரியில்லை’ என்று சொல்லும்போது, கோளாறு அந்த விலங்கில் இருக்கலாம், உள்ளே இருக்கும் பாசியில் இருக்கலாம், கூடு கட்டும் வேலையிலும் இருக்கலாம்.

நிறம் இதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். பவளம் வெளுத்துப்போனால் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒளி ஊடுருவும் சதை கூட்டின்மேல் இன்னும் இருந்தால், அது பாசியைத்தான் இழந்திருக்கிறது. காரணம் விலகினால் சில வாரங்களில் தேறிவிடலாம். சதையே உரிந்து வெறும் கூடு தெரிந்தால் அந்த இடம் செத்துவிட்டது. நீலமோ பச்சையோ மெல்ல மங்கிப் பழுப்பேறினால், பெரும்பாலும் ஒளி குறைவாகவோ சத்து மிகுதியாகவோ இருந்து பாசி பெருகியிருக்கிறது. பழுப்பு நிறம் பார்க்க அழகில்லைதான். ஆனால் பழுப்புப் பவளம் உடனே சாகும் பவளம் அல்ல.

இனி தண்ணீருக்கு வருவோம். பவளக் கூடு அரகோனைட் என்ற வடிவில் இருக்கும் கால்சியம் கார்பனேட். சதைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளியில் இருக்கும் திரவத்தில்தான் கட்டுமானம் நடக்கிறது. பவளம் அந்தத் திரவத்துக்குள் கால்சியம் அயனிகளைத் தள்ளி, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இழுக்கிறது. ஹைட்ரஜன் வெளியேற வெளியேற உள்ளே இருக்கும் பைகார்பனேட் கார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகப் படிகிறது. இந்த இறைப்புக்கு ஆற்றல் வேண்டும். அதைக் கொடுப்பது பாசி தந்த உணவு. பகலில் கூடு வேகமாக வளர்வதும் இரவில் மந்தமாவதும் இதனால்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட் இருப்பைப் பெரும்பாலும் காட்டும் அளவு காரத்தன்மை. தொட்டிக்காரர்கள் இதை டி.கே.எச். என்ற அலகில் சொல்வார்கள். இயற்கைக் கடல்நீரில் இது ஏறக்குறைய 6.5 முதல் 7 வரை. தொட்டிகளில் 7 முதல் 9 வரை வைப்பது வழக்கம். கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 415 மில்லிகிராம், மெக்னீசியம் 1300 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு.

இந்த எண்களை விட முக்கியமானது அவை குறையும் விகிதம். கால்சியம் கார்பனேட் படிகமாகும்போது காரத்தன்மையும் கால்சியமும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் குறையும். 8 டி.கே.எச். காரத்தன்மையும் 420 கால்சியமும் உள்ள தொட்டியில் பவளங்கள் ஒரு நாளைக்கு 1 டி.கே.எச். தின்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் எதுவும் சேர்க்காமல் விட்டால் காரத்தன்மை 5-க்கு இறங்கிவிடும். கால்சியம் 399-க்குத்தான் வந்திருக்கும். பல சோதனைப் பெட்டிகளின் பிழை வரம்பை இந்த மாற்றம் தாண்டுவதே அரிது. ‘கால்சியம் நன்றாகத்தான் இருக்கிறது, பவளம் ஏன் வாடுகிறது’ என்று கேட்பவர்களில் பலர் அளந்து பார்க்காமல் விட்டது காரத்தன்மையை.

ஒரு தொட்டியில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். காரணம், இது தண்ணீரின் நிலையோடு பவளத்தின் உழைப்பையும் காட்டுகிறது. காரத்தன்மை ஏற்றும் மருந்தை நாள்தோறும் ஒரே அளவு ஊற்றிவரும் தொட்டியில் காரத்தன்மை 8-ல் நிலையாக நின்றது, திடீரென்று 8.4, 8.9 என்று ஏறுகிறது. ஊற்றும் அளவு மாறவில்லை. அப்படியானால் எடுத்துக்கொள்வது குறைந்திருக்கிறது. பவளங்கள் கூடு கட்டுவதைக் குறைத்துவிட்டன. கண்ணுக்கு வாட்டம் தெரிவதற்குச் சில நாள் முன்பே இந்த ஏற்றம் தெரிந்துவிடுவதுண்டு. அளவு தானாக ஏறுகிறது என்று மகிழ்ந்து விட்டுவிடக் கூடாது. மருந்தைக் குறைத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டிய நேரம் அது. நேர்மாறாக, எடுத்துக்கொள்வது கூடிக்கொண்டே போனால் பவளங்கள் வளர்கின்றன, அல்லது வெப்பக்கருவியிலும் மோட்டாரிலும் வெள்ளைப் பொருக்காகச் சுண்ணாம்பு வீணே படிகிறது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அந்த வீண்படிவைத் தடுக்கும் வேலையை மெக்னீசியம் செய்கிறது. வளரும் படிகத்தின் மேற்பரப்பில் அது இடம்பிடித்துக்கொண்டு மேலும் படியவிடாமல் கெடுக்கிறது. மெக்னீசியம் மிகவும் குறைந்த தொட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் கால்சியமும் காரத்தன்மையும் நிற்காது. இதற்கு அப்பால் மெக்னீசியத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அது மெதுவாகத்தான் குறையும்.

இவ்வளவையும் அளப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உப்புத்தன்மை. கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி சுமார் 1.026. உப்பு 31-க்கு இறங்கினால் கரைந்திருக்கும் எல்லாமே அதே விகிதத்தில் இறங்கும்: 415 கால்சியம் 368 ஆகும், 1290 மெக்னீசியம் 1143 ஆகும். கால்சியம் குறைவு, மெக்னீசியம் குறைவு என்று தனித்தனிப் புட்டிகள் வாங்கியவர் உண்மையில் வாங்கியிருக்க வேண்டியது உப்பு. அளவைக் கருவியும் ஏமாற்றும். முள் அசையும் வகை ஒப்படர்த்திமானியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே முள் மேலே தூக்கி உப்பைக் கூட்டிக் காட்டும். ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நல்ல தண்ணீரால் பூஜ்ஜியத்தில் நிறுத்திவிட்டால் 35-லும் சரியாக இருக்கும் என்பதில்லை. 35 என்று தெரிந்த திரவத்தாலேயே சரிபார்க்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல.

பி.எச். பற்றிய பதற்றம் பெரும்பாலும் தேவையற்றது. பகலில் பாசிகள் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறும், இரவில் எல்லா உயிரும் அதை வெளியிடுவதால் இறங்கும். காலையில் 7.9, மாலையில் 8.2 என்பது கோளாறு இல்லை. எப்போதும் 7.7, 7.8 என்றே தாழ்ந்து கிடந்தால் வீட்டின் காற்றைச் சந்தேகிக்கலாம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல்; சன்னல் மூடிய அறையில் ஆட்கள் இருந்தால் அது 1000-த்தைத் தாண்டுவது சாதாரணம். அளவு இருமடங்கானால் பி.எச். ஏறக்குறைய 0.3 இறங்கும். சோதிப்பது எளிது: தொட்டித் தண்ணீரை ஒரு குவளையில் எடுத்து, திறந்தவெளியில் ஒரு மணிநேரம் காற்றுக்குமிழி விட்டு மறுபடி அளக்க வேண்டும். பி.எச். ஏறிவிட்டால் குற்றவாளி அறைக்காற்று. சன்னலைத் திறப்பதும், நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளியே நீட்டுவதும் போதும். இதற்குப் பி.எச். ஏற்றும் பொடி போட்டால் காரத்தன்மைதான் எகிறும்; காற்று மாறாதவரை பி.எச். பழையபடி இறங்கிவிடும்.

நைட்ரேட், பாஸ்பேட் விஷயத்தில் பழைய பாடம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ‘எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது’ என்று ஒருகாலத்தில் சொன்னார்கள். மிகுந்தால் கெடுதி என்பது உண்மைதான்: பாஸ்பேட் படிக வளர்ச்சியைத் தடுக்கிறது, மிகுந்த நைட்ரேட்டில் பாசி பெருகிப் பவளம் பழுப்பேறுகிறது. ஆனால் இரண்டும் பூஜ்ஜியமானால் பாசிக்கு உணவில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பஞ்சமான நிலையில் பாசியின் சவ்வுகளில் உள்ள கொழுப்பின் அமைப்பே மாறி, ஒளிக்கும் வெப்பத்துக்கும் பவளம் எளிதில் வெளுத்துவிடுவதைக் காட்டியது. பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள்களைத் தாராளமாகப் போட்டவர்களின் தொட்டிகளில் இதைக் காணலாம்: சுத்தமான தண்ணீர், வெளிறிய பவளம், மணலின்மேல் குமிழிகளோடு பழுப்புச் சளியாகப் படரும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒற்றைச்செல் உயிரிகள். பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம், நைட்ரேட் சில மில்லிகிராம் என்ற அளவில் இருப்பதே இன்று பலரும் விரும்பும் நிலை. கூடவே காரத்தன்மை 10, 11 என்று உயர்ந்திருந்தால், சத்துப் பஞ்சமான தொட்டியில் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனிகள் கருகுவதையும் வளர்ப்பவர்கள் அடிக்கடி பார்த்திருக்கிறார்கள்.

எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் பவளம் வாடுவதுண்டு. அப்போது அண்மையில் என்ன மாறியது என்று யோசிக்க வேண்டும். நாள்பட்ட தொட்டியின் தண்ணீர் மெல்ல மஞ்சளாகும். அதில் புதிதாக ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் ஒரே நாளில் தண்ணீர் தெளிந்து, விளக்கைத் தொடாமலே பவளத்தின்மேல் விழும் ஒளி கூடிவிடும். பாசியால் அவ்வளவு ஒளியைக் கையாள முடியாமல் ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் உருவாகும். பவளம் பாசியை வெளியே தள்ளும். இதே கார்பன்தான் வேறொரு தொட்டியில் மருந்தாகும்: தோல் பவளங்கள் அக்கம்பக்கத்தைத் தள்ளிவைக்க டெர்பீன் வகை நச்சுகளைத் தண்ணீரில் விடும், கார்பன் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். தோல் பவளம் சில நாள் மூடிக்கொண்டு மெழுகுபோன்ற ஏட்டை உரிப்பது நோய் இல்லை. தன்னைத் துடைத்துக்கொள்ளும் வேலை.

விளக்கணைந்தபின் சிவப்பு விளக்கோடு ஒருமுறை பார்ப்பதும் பயன் தரும். கேலக்சியா போன்ற பவளங்கள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி அடுத்த பவளத்தைச் சுடும். பகலில் ஒரு பக்கம் மட்டும் சதை போயிருந்தால் காரணம் பெரும்பாலும் வேதியியலில் இல்லை. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவும் மான்டிபோரா என்ற பவளத்தைத் தின்னும் நுடிபிராங்க் என்ற சின்னஞ்சிறு ஓடில்லாக் கடல் நத்தையும் இப்படித்தான் பிடிபடும். செம்பு கலந்த மீன் மருந்து எப்போதாவது அந்தத் தொட்டியில் போனதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பவளத்துக்கு நஞ்சான செம்பைப் பாறைகள் பிடித்துவைத்துப் பிறகு விடும்.

காரத்தன்மை உண்மையிலேயே குறைந்திருந்தால் சரிசெய்வது கடினமில்லை. 100 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்றச் சுமார் 3 கிராம் சமையல் சோடா போதும், ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல விட வேண்டும். ஒரு நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏற்றாதிருப்பது நல்லது. கால்சியம் கரைசலைக் கூடவே ஊற்றினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை மேகம் கிளம்பி, ஊற்றியது அடியில் படியும். தண்ணீர் மாற்றும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும்: 7.5 உள்ள தொட்டியில் 12 டி.கே.எச். கொண்ட புது உப்புநீரால் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் ஒரே மூச்சில் 0.9 ஏறிவிடும். வாராவாரம் தண்ணீர் மாற்றிய மறுநாள் பவளம் முகம் சுளித்தால், உப்புப் பையை அளந்து பாருங்கள்.

மற்ற எல்லாவற்றிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிச் சில நாள் பொறுக்கலாம். ஒன்றில் மட்டும் பொறுக்க நேரமில்லை: கிளைப் பவளத்தின் அடியிலிருந்து சதை மணிக்கணக்கில் உரிந்து மேலேறும்போது. அப்போது தண்ணீரைத் திருத்திக்கொண்டிருந்தால் மொத்தமும் போய்விடும். உரியும் எல்லைக்கு நன்றாக மேலே, நல்ல சதையில் கிளையை வெட்டி, அயோடின் கலந்த உப்புநீரில் நனைத்து எடுத்து, தனியாக ஒரு கல்லில் ஒட்டிவைக்க வேண்டும். எல்லாத் துண்டும் பிழைக்காது. பிழைப்பவை பெரும்பாலும் நல்ல சதையில், தாராளமாக இடம் விட்டு வெட்டப்பட்டவை.