பார்சல் இப்போது யார் கையில்?

கோத்தகிரியிலிருந்து டொரன்டோவில் இருக்கும் மகளுக்குத் தேயிலையும் சால்வையும் அனுப்பியாயிற்று. பத்து நாளாக டிராக்கிங்கில் ஒரே வரி: ‘பரிமாற்ற அஞ்சலகத்திலிருந்து புறப்பட்டது’ (வெளிநாட்டுத் தபாலைப் பைகளில் கட்டி அனுப்பும் அஞ்சலகம் அது). பார்சல் தொலைந்துவிட்டதா என்று கேட்டு அஞ்சலகக் கவுண்டரில் வந்து நிற்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் தொலைந்திருக்காது. டிராக்கிங் காட்டுவது பார்சல் இருக்கும் இடத்தை அல்ல, அதைக் கடைசியாக ஸ்கேன் செய்தது யார் என்பதைத்தான்.

முதலில் ரசீதில் உள்ள டிராக்கிங் எண்ணைப் பாருங்கள். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த அமைப்பில் அது 13 இடங்கள் கொண்டது: தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்து ‘இ’ என்றால் ஸ்பீட் போஸ்ட் எனப்படும் இ.எம்.எஸ். விரைவுத் தபால்; ‘சி’ என்றால் சாதாரணப் பார்சல்; ‘ஆர்’ பதிவுத் தபால்; ‘எல்’ டிராக்கிங் உள்ள சிறு பொதி. ‘யு’ என்று தொடங்கினால் வழியெங்கும் ஸ்கேன் ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்தச் சேவைக்கு அது கிடையாது. கடைசி இரண்டு எழுத்து எண்ணை வழங்கிய நாட்டைச் சொல்லும். பார்சல் போய்ச்சேரும் நாட்டை அல்ல. இங்கிருந்து போவதெல்லாம் ‘ஐஎன்’ என்றே முடியும்.

ஒன்பதாவது இலக்கம் வரிசை எண்ணில் சேராது, அது சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அது வரும். 12345678க்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 5. (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5.) ‘எண் தவறு’ என்று தளம் சொன்னால் புகார் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ரசீதில் 3ஐ 8 என்று படித்திருப்பது தெரிந்துவிடும்.

இனி அந்தப் பத்து நாள் மௌனம். பரிமாற்ற அஞ்சலகத்தில் பார்சல் ஒரு பைக்குள் போடப்பட்டு மூடப்படுகிறது. அதன்பின் பயணம் செய்வது பைதான். பைக்கென்று தனியாக 29 இடங்கள் கொண்ட அடையாள எண் உண்டு, விமான நிறுவனம் ஸ்கேன் செய்வது அதையே. நடுவில் துபாயிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ விமானம் மாறினாலும் பையைப் பிரிக்க மாட்டார்கள், அதனால் உங்கள் எண்ணுக்கு எந்தப் பதிவும் விழாது. ‘புறப்பட்டது’ என்பதற்கும் விமானம் ஏறியது என்று பொருளில்லை. பை கட்டியாயிற்று, அவ்வளவுதான். இடம் கிடைக்கும்வரை அது விமான நிலையக் கிடங்கில் காத்திருக்கலாம். அடுத்த பதிவு போய்ச்சேரும் நாட்டில் பையைப் பிரிக்கும்போதுதான். இ.எம்.எஸ்.ஸுக்கு ஒரு வாரம், மற்றவற்றுக்கு இரண்டு மூன்று வாரம்வரை பொறுக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

அங்கே போய் இறங்கியதும் இந்தியத் தளத்தை விட்டுவிட்டு அந்த நாட்டு அஞ்சல் தளத்தில் அதே எண்ணைப் போடுங்கள். அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்., கனடாவில் கனடா போஸ்ட் என்று குழப்பமில்லை. பிரிட்டனில் கவனம் வேண்டும்: ‘ஆர்’, ‘எல்’ ராயல் மெயிலுக்குப் போகும், ‘இ’, ‘சி’ பார்சல்ஃபோர்ஸுக்கு. தவறான தளத்தில் தேடிவிட்டு ‘காணவில்லை’ என்று பதறுபவர்கள் அதிகம். இன்னொன்று, ஒவ்வொரு பதிவும் அந்தந்த ஊர் நேரத்தில் விழுகிறது. சேர்ந்த நேரம் புறப்பட்ட நேரத்துக்கு முந்தியதாகத் தெரிந்தால் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

சுங்கம் பற்றி டிராக்கிங்கில் வரும் இரண்டு வாசகங்களைப் பிரித்துப் படியுங்கள். ‘சுங்கத்திடம் காட்டப்பட்டது’ என்பது எல்லாப் பார்சலுக்கும் வரக்கூடிய வழக்கமான படி. ‘சுங்கம் நிறுத்தி வைத்துள்ளது’ என்றால்தான் விஷயம் இருக்கிறது. அதற்குக் காரணம் அநேகமாக நாம் இங்கே நிரப்பிய படிவம். ‘பரிசுப் பொருள்’ என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. ‘தோடர் பூவேலைப் பருத்திச் சால்வை 1, ரூ. 2,500, கறுப்புத் தேயிலை 500 கிராம், ரூ. 300’ என்று பொருள், எண்ணிக்கை, எடை, விலை பிரித்து எழுத வேண்டும். பெறுபவரின் கைபேசி எண்ணும் அவசியம், சுங்க வரி கேட்க அவர்கள் தொடர்புகொள்வது அதில்தான்.

நம் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று: யூகலிப்டஸ் தைலம். சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடும் திரவம் அது. விமானச் சரக்கு விதிகளில் எரியும் திரவ வகை. சாக்லேட்டுக்கு நடுவே சின்னப் பாட்டிலைச் செருகி அனுப்புகிறார்கள். எக்ஸ்ரேயில் அது சிக்கினால் பார்சல் முழுவதுமே நின்றுவிடும், டிராக்கிங்கிலோ காரணம் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து இங்கே வரும்போது எல்லாம் சரியாக நடந்து கடைசி மலையேற்றத்தில் பிசகும். கோத்தகிரிக்கு 643217, குன்னூருக்கு 643101, கொடைக்கானலுக்கு 624101. பின்கோடில் ஓர் இலக்கம் மாறினாலும் பை வேறு பக்கம் போய்த் திரும்ப வேண்டும். கதவு எண் இல்லாத ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் எஸ்டேட் பெயர், டிவிஷன், குடும்பத் தலைவர் பெயர், கைபேசி எண் நான்கும் வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றும், ஓரிரு நாள் அங்கேயே தாமதமாகிவிடும். சுங்க வரி இருந்தால் தபால்காரர் கொண்டுவரும்போதே கட்டலாம்.

வராமலே போனால் யார் கேட்பது? முறைப்படி விசாரணை கோர வேண்டியவர் அனுப்பியவர்தான், தன் நாட்டு அஞ்சலகத்தில். இணையத்தில் வாங்கிய பொருளென்றால் விற்றவரை நெருக்குங்கள். இங்குள்ள போஸ்ட் மாஸ்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. சாதாரணப் பார்சலுக்கும் பதிவுத் தபாலுக்கும் காலக்கெடு, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம். அதற்கு அசல் ரசீது கேட்பார்கள், வெப்பத்தாளில் அச்சான ரசீது அதற்குள் மங்கிவிடும். அனுப்பிய அன்றே ரசீதையும் பார்சல்மேல் ஒட்டிய படிவத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.