கெழட்டு நாய் கிறுகிறுத்து விழுந்தா வெறின்னு முடிவு கட்டிராதீங்க

எங்க செவலைக்கு அப்ப 13 வயசு முடிஞ்சிருந்துச்சு. தங்கச்சிமடத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி பனை நெழல்ல கெடக்குற நாட்டு நாய், அப்பா விடியக்காலைல கரைக்குப் போனா கூடவே போயி வலை உதறுற எடத்துல உக்காந்து காரப்பொடி மீன் தின்னுட்டு வரும், இத்தன வருசத்துல ஒரு புள்ளையக்கூட கடிச்சதில்ல. ஒரு நாள் காலைல எந்திரிச்சதும் வலப்பக்கமா சரிஞ்சு விழுந்துச்சு, திரும்ப எந்திரிச்சு வட்டம் போடுது, வாயில எச்சி ஒழுகுது, கண்ணு ரெண்டும் இடப்பக்கமா வெட்டி வெட்டி இழுக்குது. பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்துட்டு, "ஏத்தா, இதுக்கு வெறி ஏறிருச்சு, புள்ளைக நடமாடுற எடம், ஆளக் கூப்புட்டு முடிச்சு விட்ருங்க"ன்னுட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பத்தாதான் வாசல்ல மறிச்சு நின்னு, "டாக்டர் வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் ஒருத்தரும் கம்பத் தூக்கக் கூடாது"ன்னாங்க.

கால்நடை டாக்டர் வந்து மொதல்ல கேட்டது தடுப்பூசி கார்டு. வருசா வருசம் போட்டிருந்தோம். அப்பறம் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாரு, கண்ண ரொம்ப நேரம் பாத்தாரு, இது வயசான நாய்ங்களுக்குத் திடீர்னு வர்ற வெஸ்டிபுலர் கோளாறு, அதாவது ஒடம்ப நெலையா நிக்க வைக்கிற உள்காதுப் பகுதியில வர்ற கோளாறு, வெறி இல்லன்னு சொன்னாரு. அன்னைக்கு ராத்திரியே இதப்பத்தி தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சேன்.

காதுன்னா கேக்குறதுக்கு மட்டும்னு நெனைக்கிறோம்ல, ஒடம்பு சாயாம நெலையா நிக்குறதுக்கும் உள்காதுல ஒரு வேலை நடக்குது. அங்க சின்னதா மூணு வளையக் குழாய் இருக்கு, மூணும் மூணு திசையில, உள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம். ஒரு செம்புல தண்ணி வச்சு செம்ப மட்டும் சட்டுனு திருப்பிப் பாருங்க, தண்ணி உடனே கூடத் திரும்பாது, கொஞ்சம் பின்தங்கும். தலையத் திருப்பும்போது காதுக்குள்ளயும் அதான் நடக்குது, பின்தங்குற அந்தத் திரவம் அங்க இருக்குற மயிரிழை செல்கள வளைச்சு விடுது, நீரோட்டத்துல கடல்தாழை சாயுமே அது மாதிரி. எந்தப் பக்கம் சாயுதோ அத வச்சு நரம்பு மூளைக்குச் சேதி அனுப்புது.

இதுல முக்கியமான விசயம் என்னன்னா, தலை அசையாம இருந்தாலும் ரெண்டு காதும் சும்மா இருக்காது, ரெண்டுலருந்தும் ஒரே அளவு சேதி போயிட்டே இருக்கும். வத்தையில ரெண்டு பக்கமும் துடுப்பு ஒரே வேகத்துல போட்டா நேரா போகும், ஒரு பக்கம் நின்னுட்டா வத்தை திரும்பிரும்ல? செவலைக்கு வலது காதுலருந்து போற சேதி நின்னுபோச்சு, இடது பக்கம் மட்டும் போகுது. உடனே மூளை தலை இடப்பக்கமா சுத்திக்கிட்டே இருக்குன்னு தப்பா எடுத்துக்குது. தலை நெசமாவே சுத்தினா பார்வை நழுவாம இருக்க கண்ணு எதிர்ப்பக்கம் நகரணும், அதனால கண்ணு மெதுவா வலப்பக்கம் போகுது, ஓரத்துக்குப் போனதும் வெடுக்குன்னு இடப்பக்கம் திரும்புது. நாங்க பாத்த அந்த வெட்டு அதுதான். ஒடம்பு வலப்பக்கம் சாயுறதும் இதே கணக்குதான். அந்த எச்சி? குமட்டல்ங்க. மொத தடவ விசைப்படகுல ஏறுனவங்களுக்கு வாயில ஊறுமே அதே எச்சி, ஆனா பாக்குறவங்க கண்ணுக்கு அது வெறிநாய் எச்சி.

ராபர்ட் பாரனின்னு ஒரு டாக்டர், வியன்னாவுல காது வைத்தியம் பாத்தவரு, காதுல ஆறுன தண்ணி விட்டுக் கழுவுனா நோயாளிக்கு தலை சுத்துது, கண்ணு வெட்டுது, சுடுதண்ணி விட்டா கண்ணு எதிர்ப்பக்கம் வெட்டுதுன்னு கவனிச்சாரு. குளுந்தா திரவம் கீழ எறங்கும், சூடானா மேல ஏறும், அந்த அசைவையே மூளை தலை சுத்துறதா எடுத்துக்குதுன்னு வெளக்குனாரு. 1914ம் வருச மருத்துவ நோபல் பரிசு அவருக்குத்தான், அந்தச் சேதி வந்தப்ப அவரு ரஷ்யாவுல போர்க்கைதியா இருந்தாரு.

நாய்க்கு அந்த ஒரு பக்கம் ஏன் திடீர்னு நிக்குதுன்னு பெரும்பாலும் காரணம் புடிபடுறதில்ல. சில நாய்க்கு காதுல சீழ் இருக்கும், சிலதுக்கு கட்டி, பக்கவாதம், அதனாலதான் டாக்டர் பாத்தே ஆகணும். வயசால வர்றதா இருந்தா மொத ரெண்டு நாள் தான் மோசம், மூணாம் நாள்லருந்து தெளிய ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் நல்லா நடந்துரும். ஏன்னா மூளை புதுசா கணக்கு போட்டுக்குது, கண்ணு சொல்றதையும் கால் சொல்றதையும் வச்சு. அதனால தூக்கிட்டே திரியாம, வயித்துக்கு அடியில துண்டு குடுத்து நடக்க விடணும். நாங்க வழுக்குற தரை முழுக்க சாக்கு விரிச்சோம், ராத்திரி லைட்ட அணைக்கல, அப்பத்தா கையில கஞ்சி ஊத்தி நக்க விட்டாங்க.

இதையும் சொல்லிறேன். தடுப்பூசி போடாத நாய் தள்ளாடினா கிட்ட போகாதீங்க, வாயில கை வைக்காதீங்க. ரேபிஸ்ல, அதாவது அந்த வெறிநோய்ல, தாடை தொங்கும், முழுங்க முடியாது, குரல் மாறும், அறிகுறி வந்தா பொதுவா பத்து நாளுக்குள்ள நாய் செத்துரும். பாத்த ஒடனே ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல நம்மால முடியாது, தனியா விட்டு டாக்டர கூப்புடுறதுதான் சரி. கடிச்சிட்டா சோப்பு போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவி அன்னைக்கே ஊசி போட்டுரணும். மாமா பயந்ததுல தப்பு இல்ல, பாக்காமலே கொல்லச் சொன்னதுதான் தப்பு.

வயசான நாய இப்படி தப்பா புரிஞ்சுக்குறது நெறையா இருக்கு. கண்ணு நீலமா மங்குனா குருடுங்குறாங்க, லென்ஸ் வாழ்நாள் பூரா புது நார் வளத்துக்கிட்டே இருக்குறதால பழசு நடுவுல அமுங்கி அடர்த்தியாகுது, வெளிச்சம் உள்ள போகத்தான் செய்யுது. தூங்கும்போது தொட்டா உறுமுனா கெட்ட நாய்ங்குறாங்க, காது கேக்காம நம்ம வந்ததே அதுக்குத் தெரியல, முன்னாடி வந்து நின்னு மோந்து பாக்க விட்டாலே போதும். இடுப்பு வலியில முனங்குதேன்னு மட்டும் நம்ம வீட்டு வலி மாத்திரைய குடுத்துராதீங்க, நம்ம திங்குற இப்யூபுரூஃபன் நாய்க்கு வயித்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துரும்.

செவலைக்கு இப்ப 14. தலை மட்டும் லேசா வலப்பக்கம் சாஞ்சே நின்னுபோச்சு, சில நாய்க்கு அது நேராகாதாம். கச்சான் காத்து வீசுற நாள்ல கரைக்குப் போற மணல்ல கொஞ்சம் தள்ளாடும், நின்னு நாலு காலையும் அகட்டி வச்சுக்கும், அப்பா திரும்பிப் பாத்துக்கிட்டு நிப்பாரு, அப்பறம் ரெண்டும் சேந்து நடக்கும்.