பின் 2, பின் 3, ஒரு ஜெம் கிளிப்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் கடல்நீரை ஆராயும் சிறிய ஆய்வகம் அது. பாஸ்பேட், நைட்ரைட் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கு வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. காலையில் படகில் போய் எடுத்து வந்த சாம்பிள்கள் ஐஸ் பெட்டியில் காத்திருக்க, சிஸ்டம் மட்டும் "கருவி இணைக்கப்படவில்லை" என்று பிடிவாதம் பிடித்தது. "அண்ணே, டிரைவரை மூணு தடவை அழிச்சுப் போட்டுட்டேன், கேக்க மாட்டேங்குது" என்றான் தம்பி.

டிரைவர் என்பது கருவியோடு பேசக் கணினிக்கு உதவும் சின்ன மென்பொருள். எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். ஆனால் அந்தச் செய்திக்கு உண்மையில் அவ்வளவு பொருள் இல்லை. கணினி ஒரு கட்டளையை அனுப்புகிறது, சில வினாடி காத்திருக்கிறது, பதில் வராவிட்டால் "இணைக்கப்படவில்லை" என்கிறது. கேபிள் அறுந்தாலும், கருவியை ஆன் செய்ய மறந்தாலும், நேற்று தொங்கிப்போன மென்பொருள் பின்னணியில் அந்த போர்ட்டை, அதாவது கருவியோடு பேசும் வாசலை, விடாமல் பிடித்திருந்தாலும் வரும் செய்தி ஒன்றுதான். எனவே எங்கே அறுந்திருக்கிறது என்பதை நாம்தான் கீழிருந்து தேடிப் போக வேண்டும்.

பழைய கருவிகள் பலவும் பேசுவது ஆர்எஸ்-232 என்ற முறையில். 1960-களில் வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. அதன் இணைப்பியில் ஒன்பது பின்கள், அதாவது ஊசி போன்ற உலோக முனைகள், இருந்தாலும் பெரும்பாலும் மூன்றே போதும். கணினிப் பக்கம் பின் 3 அனுப்புகிறது, பின் 2 கேட்கிறது, பின் 5 இருவருக்கும் பொதுவான தரை. கழித்தல் 3 முதல் 15 வோல்ட் வரை இருந்தால் 1, கூட்டல் 3 முதல் 15 வரை இருந்தால் 0. யாரும் பேசாதபோது கம்பி கழித்தல் பக்கமே நிற்கும். இது நமக்கு வசதி. மௌனத்திலும் மின்னழுத்தம் இருப்பதால் மல்ட்டிமீட்டரை வைத்தே உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கணினியின் யுஎஸ்பி துளையையும் இந்தப் பழைய ஆர்எஸ்-232 கேபிளையும் இணைப்பது ஒரு சிறிய மாற்றி. அதன் பின் 3-க்கும் 5-க்கும் இடையில் மீட்டரை வைத்தேன். கழித்தல் 6 வோல்ட். சரி, கணினி வாயைத் திறக்கிறது. அதற்குக் காது கேட்கிறதா?

மேசையில் கிடந்த ஜெம் கிளிப்பை வளைத்து, மாற்றியின் பின் 2-ஐயும் 3-ஐயும் சேர்த்துத் தொடும்படி வைத்தேன். இப்போது கணினி சொல்வது அதன் காதுக்கே திரும்பி வரவேண்டும். தட்டுவதை போர்ட்டுக்கு அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் காட்டும் டெர்மினல் நிரலைத் திறந்து நான்கு எழுத்துகள் தட்டினேன், நான்கும் திரையில் வந்தன. டிரைவர், போர்ட், மாற்றி எல்லாம் நல்லவை. தம்பியின் மூன்று தடவை உழைப்பும் வீண். அப்புறம் கேபிளை மாட்டி, அதன் மறுமுனையில் அதே கிளிப்பை வைத்தேன். திரையில் ஒன்றுமில்லை.

மறுமுனையின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால், பின் 2-க்குப் போகும் செம்புக் கம்பி பற்றவைத்த இடத்தில் பச்சைப் பொடியாகிக் கிடந்தது. அதாவது கணினி கேட்டது கருவிக்குப் போயிருக்கிறது. கருவியும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்தான் வந்து சேரவில்லை. பாவம், அதைப் போய்க் குறை சொன்னோம்.

இந்தக் கரையில் இது புதிதல்ல. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதம் போதும். வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து வந்த கல்லுப்பு மூட்டை ஏன் கசிகிறது என்று இங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. கச்சான் காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பும் அப்படித்தான், நாள் முழுக்க ஈரமாகவே இருந்து செம்பைத் தின்கிறது. பின்களைத் துடைப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. பலர் நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுக்கிறார்கள். உப்பு அதில் அவ்வளவாகக் கரையாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதலில் காய்ச்சி வடித்த நீர் தொட்ட பஞ்சு, அப்புறம் ஈரத்தை ஓட்ட ஆல்கஹால்.

கம்பியை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தோம். பதில் வந்தது, ஆனால் கட்டமும் கேள்விக்குறியுமாகக் குப்பை. தடவிப் பார்க்கும்போது தம்பி கணினி பிட்களை (அந்த 1, 0-களை) எண்ணும் வேகத்தை மாற்றி வைத்திருக்கிறான். கருவி வினாடிக்கு 4,800 பிட் அனுப்ப, கணினி 9,600 என்று எண்ணிக் கேட்டால், ஒவ்வொரு பிட்டையும் இரண்டாக எண்ணிவிடும். குப்பை வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான், கம்பி பிழைத்துவிட்டது, எண்தான் தவறு என்று அர்த்தம்.

வேகமும் பொருந்திய பிறகும் சில கருவிகள் வாய் திறக்காது. பாம்பன் படகுகளில் வயர்லெஸ் பேசுகிறவர்களுக்கு இது உடனே புரியும். நீங்கள் "ஓவர்" சொல்லாதவரை எதிர்ப்படகுக்காரர் நீங்கள் இன்னும் பேசுவதாக நினைத்துக் காத்திருப்பார். கட்டளையின் முடிவில் கருவி எதிர்பார்ப்பதும் அப்படி ஒரு "ஓவர்" குறிதான். அது எந்தக் குறி என்பது கருவியின் கையேட்டில் இருக்கும். கையேடு பெரும்பாலும் பூட்டிய அலமாரியில் இருக்கும்.

மதியத்துக்குள் சாம்பிள்களை அளந்து முடித்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடியும் போன். "அண்ணே, திரும்பவும் அதே செய்தி."

இந்த முறை போனிலேயே முடிந்தது. யாரோ கைபேசிக்கு சார்ஜ் போட மாற்றியைப் பிடுங்கி, பிறகு பக்கத்து யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறார்கள். சில மாற்றிகளுக்குத் தனக்கென்று வரிசை எண் கிடையாது. துளை மாறினால் விண்டோஸ் அதைப் புது ஆள் என்று நினைத்து வேறு போர்ட் எண் கொடுத்துவிடும். மென்பொருள் 4-ஆம் எண்ணில் கூப்பிட்டுக்கொண்டிருக்க, கருவி 7-இல் உட்கார்ந்திருந்தது.

இப்போது அந்தத் துளைக்கு மேலே ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கிறது. அதில் தம்பியின் கையெழுத்தில்: "சார்ஜர் போடாதீங்க."