காதுக்குள் உருளும் கல்

"படுக்கையில் இடப்பக்கம் புரண்டதும் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. எழுந்து நடமாடினால் ஒன்றுமில்லை. பிரஷர், சுகர், தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லையாம். அப்புறம் ஏன் சுற்றுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பாதி விடையை அவரே சொல்லிவிட்டார். புரளும்போது மட்டும், ஒரு பக்கம் மட்டும், அரை நிமிடம் மட்டும். இந்த மூன்று 'மட்டும்' சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காதைத்தான்.

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். உள்ளே திரவம். தண்ணீர் உள்ள டம்ளரைச் சட்டென்று திருகினால் தண்ணீர் கூடவே சுற்றாது, பின்தங்கும். தலை திரும்பும்போது குழலுக்குள்ளும் அதேதான். பின்தங்கும் திரவம் குழலை அடைத்து நிற்கும் குப்புலா என்ற ஜெல்லித் திரையை வளைக்கிறது. 'தலை திரும்புகிறது' என்று மூளைக்குச் செய்தி போகிறது. மூளை உடனே கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்வையை நிலைப்படுத்துகிறது. தலையை ஆட்டிக்கொண்டே புத்தகம் படிக்க முடிவது இதனால்தான். தலையை அசைக்காமல் புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள், ஓர் எழுத்தும் பிடிபடாது.

குழல்களுக்குப் பக்கத்திலேயே யூட்ரிகிள் என்றொரு சின்னப் பை. அதில் ஒரு ஜெல்லி மெத்தை, அதன்மேல் பொடிப்பொடியாகக் கால்சியம் கார்பனேட் படிகங்கள். முட்டை ஓட்டில் இருக்கும் அதே பொருள்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலை சாய்ந்தால் இந்தக் கற்களின் கனம் மெத்தையை ஒரு பக்கம் இழுக்கும். எது கீழ், எது மேல் என்று தெரிவது அப்படித்தான்.

வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, நாள்கணக்கில் படுத்தே கிடந்தாலோ சில கற்கள் கழன்று குழலுக்குள் போய்விடும். பல நேரம் காரணமே தெரியாது. பெரும்பாலும் அவை விழுவது பின்பக்கக் குழலில்; நிற்கும்போதும் உட்காரும்போதும் அதுதான் தாழ்வாக இருக்கிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். குப்புலாவுக்கும் அதைச் சுற்றியுள்ள திரவத்துக்கும் அடர்த்தி ஒன்றே. ஆகவே அது மிதப்பதும் இல்லை, அமிழ்வதும் இல்லை. புவியீர்ப்பு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சுழற்சி மட்டும். அந்தக் குழலில் கல் புகுந்ததும் கதை மாறிவிடுகிறது. நீங்கள் படுக்கும்போது கல் கீழ்நோக்கி நழுவி, போகிற வழியில் திரவத்தையும் இழுக்கிறது. குப்புலா வளைகிறது. தலை அசையாமல் தலையணையில் கிடக்கிறது, ஆனால் மூளைக்குப் போகும் செய்தி 'சுற்றுகிறாய்' என்பதுதான்.

இதை நேரில் பார்க்கலாம், அதுவும் கண்ணில். நோயாளியின் தலையை 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணையே கவனிப்பார்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. கல் நழுவத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. பிறகு கண்மணி திருகாணியைத் திருகுவதுபோல் வெட்டி வெட்டிச் சுழலும். கல் அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் குப்புலா நிமிர்ந்துவிடும், ஒரு நிமிடத்துக்குள் கண் அடங்கும். எழுப்பி உட்காரவைத்தால் கல் திரும்பி வரும், கண்ணும் மறுபக்கம் திருகும். எந்தக் காது, எந்தக் குழல் என்பது இந்தச் சுழற்சியிலேயே தெரிந்துவிடும். ஸ்கேனில் இந்தக் கல் தெரியாது.

இந்தக் கிறுகிறுப்பை 1921-இல் விவரித்தவர் ராபர்ட் பாரனி. காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக அதற்கு முன்பே 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். செய்தி வந்தபோது ரஷ்யாவில் போர்க்கைதி. மேலே சொன்ன படுக்கவைக்கும் சோதனை, டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-இல் வெளியிட்டது. கல்லை வந்த வழியே உருட்டி வெளியேற்றலாம் என்றவர் அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி. தலையைத் திருப்பினால் நோய் போகுமா என்று சக மருத்துவர்களே நம்பவில்லை. கட்டுரை அச்சேற 1992 வரை ஆயிற்று. மருந்தில்லை, கருவியில்லை, விற்க ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட வைத்தியத்துக்கு விளம்பரம் செய்ய யார் வருவார்கள்? தலைசுற்றல் மாத்திரைக்கு மட்டும் குறைவில்லை. மாத்திரை குமட்டலை அடக்கும், கல்லை நகர்த்தாது.

இடக்காது என்றால் முறை இது: கால் நீட்டி உட்கார்ந்து, தலையை 45 பாகை இடப்பக்கம் திருப்பி, தலை சற்றுத் தொங்கும்படி மல்லாந்து படுக்க வேண்டும். சுற்றல் நின்றதும் தலையை 90 பாகை வலப்பக்கம். கொஞ்சம் பொறுத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி உடம்போடு வலப்பக்கம் புரள வேண்டும். அப்புறம் மெதுவாக எழலாம். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும், கல் நழுவ நேரம் வேண்டுமே. முதல் தடவை மருத்துவர் கையால் செய்துகொள்வது நல்லது. கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள் தனியாக முயலவே கூடாது. சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் சோர்ந்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நடக்கவே முடியாமல் போனாலோ அது கல் விவகாரம் அல்ல, உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சரியான பிறகும் ஓரிரு நாள் பஞ்சில் நடப்பதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். சில மாதமோ வருடமோ கழித்து இன்னொரு கல் கழன்று விழவும் கூடும். அப்போது எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.