கறுப்பைச் சேர்த்தால் மாநிறம் வராது

"அக்கா, எனக்கு எப்போ ஸ்டைல் வரும்?"

என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு முறையாவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் 17, 18 வயதுதான் இருக்கும். கையில் டேப்லெட் இருக்கிறது, அதில் நூற்றுக்கணக்கில் இறக்கி வைத்த பிரஷ்கள் இருக்கின்றன. கேள்விக்குள் இருக்கும் பதற்றம் எனக்கு நன்றாகவே புரிகிறது. கையெழுத்தைத் தேடாமலே இது இன்னார் வரைந்தது என்று சொல்ல வைக்கிற ஓவியர்களை அவர்கள் தினமும் இணையத்தில் பார்க்கிறார்கள். நம் படத்தை யாரும் அப்படி அடையாளம் கண்டுகொள்வதில்லையே என்ற ஏக்கம் அது.

நான் 14 வருடமாகக் கதாபாத்திர ஓவியம் வரைந்து சம்பாதிக்கிறவள். மொபைல் கேம்கள், சிறுவர் புத்தகங்கள், அனிமேஷனுக்கான கதாபாத்திர வடிவமைப்பு என்று போகிறது வேலை. இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். பாணியைத் தேடிப் போகிறவர்களுக்கு அடுத்தவர் பாணிதான் கிடைக்கிறது. வீட்டில், தெருவில், பேருந்தில் இருக்கும் முகங்களைப் பொறுமையாகப் பார்த்து வரைகிறவர்களுக்கு அவர்களுடைய பாணி தானாக வந்து சேர்கிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நான் வரைந்து கெடுத்த ஒரு படம்.

அப்பத்தா இறந்த வருடம் அவரை வரைய உட்கார்ந்தேன். அப்போது எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய கண், கூர்மையான தாடை, பாலில் குங்குமப்பூ கலந்த மாதிரித் தோல் என்று ஒரு முகத்தை நன்றாக வரைவேன். கணினியில் நிறத்தட்டு ஒன்றைச் சேமித்து வைத்திருந்தேன், எல்லாக் கதாபாத்திரத்துக்கும் அதே தோல் நிறம்தான். அப்பத்தா நல்ல கருத்த நிறம், சிவகங்கைப் பக்கத்து வெயிலில் களையெடுத்தவர். அதனால் அதே நிறத்தை எடுத்து, கறுப்புப் பக்கம் இழுத்து, முகம் முழுக்கப் பூசினேன். மூன்று நாள் வேலை. அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

அந்தச் சொல் எனக்கு ரொம்ப நாள் வலித்தது. மூக்கு சரி, கண் சரி, காதில் தண்டட்டி வரைக்கும் சரி. ஆனால் தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. உயிரோடு இருந்தபோது அப்பத்தா முகத்தில் ஒரு செம்பு மினுக்கம் இருக்கும். அது எங்கே போனது?

காரணம் எண்களில் இருக்கிறது. பெரும்பாலான ஓவிய மென்பொருள்களில் ஒரு நிறத்துக்கு மூன்று அளவு பார்க்கலாம். ஒன்று சாயல், அதாவது சிவப்பா மஞ்சளா நீலமா என்பது. இரண்டாவது செறிவு, நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பது. மூன்றாவது வெளிச்சம். நான் அப்போது வைத்திருந்தது போன்ற வெளுத்த தோல் நிறத்தை எடுத்தால் சாயல் 25, செறிவு 29, வெளிச்சம் 95 என்கிற மாதிரி வரும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த கருத்த முகத்தின் புகைப்படத்தில், நிறத்தின் அளவை எடுத்துக் காட்டும் கலர் பிக்கரால் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். சாயல் 22, செறிவு 62, வெளிச்சம் 48 என்று ஏறக்குறைய வரும். சாயல் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். மாநிறம் என்பதே இருண்ட ஆரஞ்சு. மாறுவது வெளிச்சமும் செறிவும். வெளிச்சம் பாதியாகும்போது செறிவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. நான் கறுப்பைச் சேர்த்தபோது வெளிச்சத்தை மட்டும் இறக்கினேன், செறிவு அதே 29-இல் நின்றுவிட்டது. அந்த 29-தான் சாம்பல்.

நிழலிலும் இதே தவறு நடக்கிறது. படத்தின் மேல் தனி அடுக்காக ஒரு லேயர் போட்டு, கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் 'மல்டிப்ளை' முறையில் வைத்து, கறுப்போ சாம்பலோ பூசினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறோம். மாநிறத் தோலில் அப்படிப் பூசினால் முகத்தில் சேறு அப்பிய மாதிரி ஆகிவிடும். நிழலுக்குள் இறங்கும்போது சாயலைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், செறிவை ஒரு படி ஏற்றுங்கள். மூக்கு ஓரம், உதட்டுக்கு அடியில், காதுமடல் மடிப்பு ஆகிய இடங்களில் ரத்தச் சிவப்பு நன்றாகவே தெரியும்.

அப்புறம் மினுக்கம். தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் ஒளி வெளுத்தவருக்கும் கருத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் கருத்த தோலில் உள்ளே நுழைந்து வெளியே வரும் ஒளி குறைவு, தோலுக்குக் கருமை தரும் மெலனின் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் மேலே பட்டுத் தெறிக்கும் ஒளி எடுப்பாகத் தெரிகிறது. கன்ன மேடு, மூக்கு நுனி, நெற்றி எல்லாம் பளிச்சென்று நிற்பது அதனால்தான். அந்தப் பளபளப்புக்குத் தோலின் நிறம் கிடையாது, விளக்கின் நிறம்தான். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் வானத்து நீலம் விழும். டியூப் லைட்டுக்கு அடியில் வெள்ளை விழும். அடுப்படியில் மஞ்சள் விழும். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் அப்பத்தாவின் செம்பு மினுக்கம் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தது. நான் பளபளப்பையும் பழுப்பாகவே வைத்திருந்தேன்.

இவ்வளவையும் எனக்கு முதலிலேயே யாரும் ஏன் சொல்லித் தரவில்லை? நான் பார்த்துப் பழகிய பாடங்களில் எல்லாம் தோல் என்றால் வெளுத்த தோல்தான். மாநிறத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தொட்டுவிட்டுப் போவார்கள். இது நம் துறைக்கு மட்டும் உள்ள குறை கிடையாது. ஃபிலிம் காலத்தில் போட்டோ பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' பல வருடம் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் தாங்கி வந்தது. அந்த அளவுகோலில் சரிபார்த்த படங்களில் கருத்தவர்கள் முகம் அடையாளம் தெரியாமல் இருண்டு போனது. கருவி என்ன பார்க்கப் பழகியதோ அதைத்தான் நமக்கும் காட்டும். டேப்லெட் பேனா 8,192 அளவு அழுத்தத்தைப் பிரித்து உணரும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். உங்கள் அம்மாவின் நெற்றி என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது.

வேலை இடத்திலும் இது வரும், அதற்குத் தயாராக இருங்கள். ஒரு கேமுக்காக மீனவப் பெண் ஒருத்தியை வரைந்து கொடுத்தேன். "கொஞ்சம் பிரைட் பண்ணுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தது, வாடகையும் கட்ட வேண்டியிருந்தது. தோலில் கை வைக்காமல் வெளிச்சத்தை மாற்றினேன். பின்பக்கத்திலிருந்து காலை வெயில், தோளிலும் கன்னத்திலும் அழுத்தமான ஒளிக்கோடு, பின்னணியில் கடலை இன்னும் ஒரு படி இருட்டாக்கினேன். படம் பிரகாசமானது, அவள் நிறம் அவளுடையதாகவே இருந்தது. ஏற்றுக்கொண்டார்கள். எல்லா முறையும் இப்படி நடக்காது. இரண்டு வேலைகளை நான் விட்டிருக்கிறேன். ஆனால் 'பிரைட்' என்ற சொல்லுக்கு வெளிச்சம் என்று பொருள் எடுத்துக்கொள்ளும் உரிமை ஓவியருக்கு உண்டு, முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

சரி, பாணிக்கு வருகிறேன். மாநிறத்தைச் சரியாக வரைய ஆரம்பித்த பிறகு என் படங்கள் மாறின. பளபளப்பு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதால் நடு வெளிச்சங்களைக் குறைத்தேன். அதனால் வடிவங்கள் பெரிதாகவும் தட்டையாகவும் ஆயின. நிழலில் சிவப்பு வேண்டும் என்பதால் பின்னணியில் பச்சையும் நீலமும் கூடின. கோட்டோவியத்தை மேலே வைத்தால் அந்த ஒளியைத் தடுத்தது, அதனால் கோட்டை விட்டுவிட்டேன். இப்போது என் படத்தைப் பார்த்து "உங்க ஸ்டைல்" என்று சொல்கிறவர்கள் இந்த மூன்றையும்தான் சொல்கிறார்கள். ஒரு முகத்துக்கு நியாயம் செய்ய நான் எடுத்த முடிவுகள் இவை. திரும்பத் திரும்ப எடுத்ததால் பழகிவிட்டன.

பழைய பத்திரிகை ஓவியர்களைப் பாருங்கள். கோபுலுவின் கோடு ஏன் அவ்வளவு சிக்கனமாக இருக்கிறது? கோடுகளை அச்சுக் கட்டையாக்கி, மலிவான தாளில் அடித்த காலம் அது. நெருக்கமாக இழைத்தால் மை கலந்து கறையாகிவிடும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அவர் மயிலாப்பூர் மாமியையும் கிராமத்துப் பெரியவரையும் உட்காரும் விதத்திலேயே வேறுபடுத்திக் காட்டினார். சில்பி கோயில் கோயிலாகப் போய் சிலைகளுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். கல்லின் மேல் ஒளி எப்படி இறங்குகிறது என்பது அவர் கோட்டில் தெரியும். மாநிறம் வரைய விரும்புகிறவர்கள் 2021-இல் கொரோனா காலத்தில் நாம் இழந்த ஓவியர் இளையராஜாவின் படங்களுக்கு எதிரே ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். ஜன்னல் வழியாக வரும் ஒரே ஒரு வெளிச்சத்தில், கிராமத்து வீட்டுக்குள் நிற்கும் பெண்ணின் கன்னமும் கழுத்தும் எத்தனை பழுப்பாகப் பிரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது பதினொன்று வந்தது.

அவர்களைப் பார்த்து வரையலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வரையுங்கள், கற்றுக்கொள்ளும் வழி அதுதான். யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், அதை விற்காதீர்கள். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டம் வரைந்த படத்தைக் காக்கிறது, பாணியைக் காப்பதில்லை. அந்த இடத்தில் நம் மனசாட்சிதான் காவல். பார்த்து வரைந்து முடித்ததும் அதே முறையில் உங்கள் வீட்டு ஆள் ஒருவரை வரையுங்கள். எந்த இடத்தில் அவர் முறை உங்கள் ஆளுக்குப் பொருந்தாமல் போகிறதோ, அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். உங்களுக்கான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

என் மாணவர்களுக்கு முதல் மூன்று மாதம் இரண்டே பிரஷ்தான். ஒரு வட்டப் பிரஷ், ஓரம் மென்மையான இன்னொன்று. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இதற்குத் தாராளமாகப் போதும். வீட்டில் ஒருவரை ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில் காலை 7 மணிக்கும், மதியமும், மாலை 5:30-க்கும், இரவு டியூப் லைட்டிலும் உட்கார வைத்து வரையச் சொல்வேன். படத்துக்கு அரை மணி நேரம். போட்டோ எடுக்கக் கூடாது, ஏனென்றால் போன் கேமரா தானாகவே முகத்தை வெளுக்க வைத்துவிடும் வாய்ப்பு உண்டு. நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், கலர் பிக்கர் பிறகு சரிபார்க்க மட்டும். நடுநடுவே எல்லா லேயருக்கும் மேலே கறுப்பு லேயர் ஒன்றைப் போட்டு, அதன் பிளெண்டிங் மோடை, அதாவது கீழே உள்ள லேயர்களோடு அது கலக்கும் முறையை, 'கலர்' என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ஒளியும் நிழலும் பிரியாமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் கண் இமை வரையப் போகாதீர்கள். ஆரம்பக் காலத்தில் நான் செலவழித்த பாதி நேரம் அந்த இமைகளில்தான் போனது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் ஆன்லைனில் கற்றுக்கொள்கிறான். சேரும்போது அவன் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் வெள்ளை முடி, நீலக் கண், வாள். நன்றாகவே வரைவான். "ஸ்டைல் வரலக்கா" என்றான். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னான். அம்மாவை வரைந்து அனுப்பச் சொன்னேன். இரண்டு வாரம் எதுவும் வரவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

உச்சி வெயில். தலையில் துண்டு, கையில் பலகை, உப்பு வாருகிற நேரம். அந்த வெயிலுக்கு மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் கறுத்த நிழல் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கீழே பரந்து கிடக்கும் உப்பு வெயிலை மேல்நோக்கித் திருப்பி அடிக்கிறது, அந்த ஒளி தாடையின் அடிப்பகுதியை நிரப்பியிருந்தது. அவன் அதைப் பார்த்திருந்தான். ஆனால் அங்கே வெள்ளையை வைக்காமல் மெல்லிய இளஞ்சிவப்பை வைத்திருந்தான். எனக்குத் தவறாகப் பட்டது. உப்பு வெள்ளைதானே, இந்த ரோஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"உப்பு விளையுறப்ப பாத்தித் தண்ணி ரோஸாத்தான்க்கா இருக்கும்" என்றான். "பக்கத்துப் பாத்தி இன்னும் வாரல. அதுல இருந்து அடிக்குது."